பத்திரம் வாங்கும் முன்: எல்லையோர ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், ஒழலப்பதி பக்கத்து ஊர்ப் பெரியவர்களுக்கு வணக்கம்.

உங்களில் பாதிப் பேர் எனக்கு மாமன், பெரியப்பன் முறை. வரும் ஞாயிறு கோயில் திண்ணையில் ஒரு இளம் தம்பதியை அத்து விட, அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் ஊர்ப் பேச்சிலேயே கல்யாணத்தை முறித்து விட, பேச்சு வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் இது உங்கள் கைக்கு வர வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

2016 ஆடியில் அதே திண்ணையில்தான் என் தங்கச்சியையும் அத்து விட்டீர்கள். ஐம்பது ரூபாய்ப் பத்திரம். ‘இனி ஒருவர் மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை, ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்’ என்று எழுதியிருந்தது. வெற்றிலைத் தட்டில் தாலியைக் கழற்றி வைத்தாள். சாட்சிக் கையெழுத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அந்தப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மகனின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து ஆறு வருஷம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

2022இல் நல்ல வரன் ஒன்று வந்தது. கேரளத்தில் 2008 முதல் எந்த மதத்தவரின் திருமணமும் பதிவாக வேண்டும். பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்தபோது, முதல் திருமணம் முடிந்ததற்குக் கோர்ட் ஆணை எங்கே என்று கேட்டார்கள். தங்கச்சி கவரைப் பிரித்து நீட்டினாள். வாங்கிப் படித்தவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. மெதுவாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சட்டப்படி அவள் அன்றைக்கும் பழைய வீட்டுக்காரரின் மனைவிதான். அவரோ திருப்பூரில் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டி, ஒரு குழந்தையும் ஆகியிருந்தது. முதல் திருமணம் உயிரோடிருக்கும்போது கட்டிய அந்தத் தாலி செல்லாது. அது ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றமும்கூட. ஒன்றும் அறியாத அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் நம் பத்திரம் மாட்டிவிட்டது.

சமூக வழக்கப்படி அத்து விடுவதை 1955 இந்து திருமணச் சட்டமே 29(2) பிரிவில் விட்டுவைத்திருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அப்படி ஒரு வழக்கம் நம் சமூகத்தில் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருந்து வருகிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அந்தப் பாரம் பத்திரத்தைக் காட்டுகிறவர் தலையில்தான் விழும். சாட்சி சொல்ல உங்களில் எத்தனை பேர் கூண்டேறுவீர்கள்? (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. அதை இங்கே பேசவில்லை.)

பேச்சுவார்த்தையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நகை யாருக்கு, சீர்ப் பாத்திரம் யாருக்கு, பிள்ளை யாரிடம் என்று இரண்டு தரப்பையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவர உங்களைப் போல யாராலும் முடியாது. அந்த முடிவைப் பத்திரத்தில் எழுதாமல், அதே இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின் கீழ், சம்மதத்தோடு விவாகரத்து கேட்டு இருவரும் சேர்ந்து கொடுக்கும் மனுவில் எழுதுங்கள். மனு கொடுக்கும் முன் ஒரு வருஷமாவது பிரிந்திருந்தால் போதும். மனு கொடுத்த ஆறு மாதத்துக்கு மேல், பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி ஆஜராகிச் சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். தகுந்த வழக்கில் அந்த ஆறு மாதத்தையும் கோர்ட் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆணை வரும்வரை யாரும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால்தான் மனம் கனிந்த முடிவு வேண்டும், அதற்கு நீங்கள் வேண்டும்.

கல்யாணம் பொள்ளாச்சியில் நடந்தது, மாப்பிள்ளை தமிழ்நாட்டில் இருக்கிறார், எல்லை தாண்டி அலைய வேண்டுமே என்ற பயமும் வேண்டாம். அந்தச் சட்டத்தில் 2003இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் குடியிருக்கும் இடத்துக்கு உரிய கோர்ட்டிலேயே மனு கொடுக்கலாம். தங்கச்சி பாலக்காட்டுக் குடும்ப நீதிமன்றத்தில்தான் கொடுத்தாள். மனு இங்கிலீஷில் இருந்தது. வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட்டாள்.

கோர்ட்டுக்குப் போனால் பெண்ணின் பெயர் கெடும் என்பீர்கள். இந்த வழக்குகள் மூடிய அறையில் நடக்கின்றன, விவரத்தை வெளியிடுவதும் குற்றம். திண்ணையில் ஊரே நின்று கேட்டதே, அதைவிடவா? செலவுக்கும் வழி இருக்கிறது. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

இன்னொன்று. பிள்ளைக்குரிய ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கே உரிமை இல்லை. அப்புறம் ஊருக்கு எங்கிருந்து வரும்? தங்கச்சி மகனுக்கு ஆறு வருஷம் ஒரு பைசா வரவில்லை. கேட்கக் கூடாது என்று நாம் எழுதி வாங்கியதை அவள் வேதவாக்காக நம்பியிருந்தாள். மனுவில் எழுதிய பிறகுதான் மாதாமாதம் பணம் வருகிறது. ஆணை கைக்கு வருவதற்குள் அந்த வரன் வேறு இடம் பார்த்துப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். பேசி முடித்ததை ஒரு வெள்ளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பத்திரம் வாங்க ஆள் அனுப்ப வேண்டாம். திங்கட்கிழமை காலை அந்த இரண்டு பேரையும் பாலக்காட்டுக்கு நானே கூட்டிப்போகிறேன். முதல் பஸ்ஸுக்கே வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
அன்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்