வாணிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள வாணிக்கு,

நீ கேட்ட பிறப்புச் சான்றிதழை நகராட்சியில் வாங்கிவிட்டேன். நீ பள்ளிக்கூடத்தில் சேரும்போதே பதிவில் பெயரைச் சேர்த்து வைத்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் இன்னும் வெறும் 'பெண்' என்றுதான் இருந்திருக்கும். என் பெயரில் ஒரு 'எச்' கூடுதலாக விழுந்திருந்தது. உன் பாஸ்போர்ட் நகலோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்து, திருத்தச் சொல்லித்தான் வாங்கினேன். பத்திரப்பதிவு அலுவலகத்திலேயே காலத்தை ஓட்டியவன் நான், ஓர் எழுத்துக்காக ஜனங்கள் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். ஒரிஜினலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிட்டு வராதே.

"ஆபீஸுக்கு வேண்டும்" என்றாய். சரி. கூடவே, "நீங்களும் அம்மாவும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்காதுப்பா" என்று நான் கேட்காமலேயே சொன்னாய். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை. எனக்கும்தான்.

அதனால் விசாரித்தேன். உன் பெயரை எங்கும் சொல்லவில்லை. ஜெர்மனியில் நகராட்சிப் பதிவாளர் முன்னால் நடப்பதுதான் கல்யாணம். அங்கே ஹாம் ஊரில் இருக்கிற காமாட்சி அம்மன் கோயிலில் ஊரைக் கூட்டித் தாலி கட்டினாலும் சட்டத்தின் கணக்கில் அது வராது. வெளிநாட்டவர் என்றால், இவர் மணம் செய்துகொள்ளத் தடையில்லை என்று சொந்த நாடு சான்று தர வேண்டுமாம். இந்தியா அப்படி ஒன்று தருவதில்லை. அதனால் அங்குள்ள மேல்நீதிமன்றத் தலைவரிடம் விலக்கு வாங்க வேண்டும். நீ இருக்கும் டோர்ட்முண்டுக்கு உரிய அந்த நீதிமன்றமும் ஹாமிலேயே இருக்கிறது. விலக்கு ஆறு மாதம்தான் செல்லும். அவசரப்பட்டு முன்கூட்டியே வாங்கிவிடாதே.

இதற்கெல்லாம் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. மகளுக்கு இதுவரை திருமணம் ஆகவில்லை என்று பெற்றோர் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழிப் பத்திரத்தையும் கேட்பது வழக்கமாம். ஒரு நாட்டுக் காகிதத்தை வேறு நாடுகளில் செல்லவைக்கிற அப்போஸ்டில் முத்திரை இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த முத்திரைக்கான ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபித்துவிட்டது, நம் காகிதத்தில் அந்த முத்திரை அங்கே செல்லாது. அவர்கள் தூதரகம் இங்கே ஒரு வக்கீலை வைத்து விசாரிக்கும். அதற்கே மாதக்கணக்கில் ஆகும். வக்கீல் பள்ளிக்கூடத்துக்குப் போவார், நம் தெருவுக்கும் வரலாம். இந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று பக்கத்தில் கேட்கலாம். சித்தப்பாவுக்கு நான் சொல்வதற்குள் எதிர்வீட்டு டீச்சர் சொல்லிவிட்டால் அவன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

அம்மாவுக்கு அதுதான் பயம். எனக்கு வேறு.

அங்கே இருக்கிறவர்களில் பலர் காகித அலைச்சல் தாங்காமல் டென்மார்க் போய் மணம் முடித்துக்கொள்கிறார்களாம். 2019இலிருந்து ஒரே அலுவலகம் எல்லா மனுவையும் பார்க்கிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் மற்ற ஆதாரமும் காட்டி இணையத்திலேயே விண்ணப்பித்துவிடலாம், அவர்கள் கொடுக்கிற சான்று நான்கு மாதம் செல்லும். ஏரோ என்று ஒரு தீவு, அங்கே வெளிநாட்டு ஜோடிகள்தான் அதிகமாம். பெற்றோர் பத்திரம் கேட்பதில்லை. முறையான கல்யாணம்தான், ஜெர்மனியும் ஒத்துக்கொள்கிறது, நான் குறை சொல்லவில்லை. அலைச்சலுக்காகப் போவதானால் போ. நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம் என்று நினைத்துக்கொண்டு போகாதே.

பெரியம்மா வீட்டில் நடந்ததை மனதில் வைத்திருக்கிறாயோ என்னவோ. அன்றைக்கு அந்தக் கூடத்தில் நான் என்ன பேசினேன் என்று அம்மாவிடம் கேட்டுப் பார்.

போன மாதம் வீடியோவில் பேசும்போது உன் பின்னால் ஒரு பையன் குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றான். நீ சட்டென்று போனைத் திருப்பினாய். அம்மா பார்த்துவிட்டாள். "பாவம், கேஸ்கட்டைப் போடத் தெரியவில்லை அந்தப் பிள்ளைக்கு" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

உதவித்தொகை வாங்கிப் போனாய், அந்தப் பாஷையைப் படித்தாய், வீடு பார்த்தாய். நம் வீட்டில் இத்தனையையும் தனியாகச் செய்தவர்கள் யாரும் இல்லை. அதைச் சொல்லாத நாள் எனக்கில்லை. அப்படிப்பட்டவளுக்கு அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல ஏனம்மா இவ்வளவு தயக்கம்?

நீ மணக்கப்போகிறவருக்கு முன்பே கல்யாணமாகி விலகியிருந்தால் அந்தத் தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள். கேட்பதில் தப்பில்லை, பதிவாளரும் கேட்பார். பெயரை மாற்ற வேண்டும் என்று அங்கே கட்டாயம் இல்லையாம், அவரவர் பெயரோடே இருக்கலாம். உன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது என் பெயர். வைத்துக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். ஒரிஜினல் விஷயத்தை மறுபடியும் சொல்கிறேன், கூரியரில் அனுப்பச் சொன்னால் நகல் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பு.

இன்னொன்று. நம் 1969 வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி இந்தியத் தூதரகத்தில் செய்தால் மூன்று சாட்சி வேண்டும். ஜெர்மன் சட்டத்தில் 1998இலிருந்து சாட்சியே கட்டாயமில்லை. விருப்பப்பட்டால் இரண்டு பேர் வரைக்கும் நிற்கலாம். அந்த இரண்டு பேர் யார் என்று நீ இன்னும் முடிவு செய்யாமல் இருந்தால், எங்கள் பாஸ்போர்ட் இரண்டும் நடப்பில்தான் இருக்கின்றன. விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். உன் அழைப்புக் கடிதம் வேண்டியிருக்கும்.

உறுதிமொழிப் பத்திரத்தில் என்ன வாசகம் கேட்கிறார்கள் என்று பதிவு அலுவலகத்தில் எழுதி வாங்கி அனுப்பு. முத்திரைத்தாளை அம்மா பெயரையும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அவரும் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா