அந்தப் பவுடரை வாங்காதே, மகள்

தம்பலகாமம்,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

குடலில் உள்ள நஞ்சையெல்லாம் கழுவி எடுக்கும் என்று விற்கிறார்களே, அந்தப் பவுடரை வாங்காதே. நஞ்சை வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும் செய்கிற வேலை. இப்படியான பவுடர்கள் பலவற்றில் நிலாவாரை போன்ற பேதிச் சரக்குத்தான் இருக்கும். வயிற்றால் போகும், காசும் போகும்.

சாப்பாட்டில் நஞ்சு இருக்கிறது என்று நீ பயப்படுவது வீண் பயம் இல்லை. கிளைபோசேட் என்ற களைகொல்லியையே எடுத்துக்கொள். புல்லுக்குள் ஒரு நொதியைத் தடுத்துத்தான் அது புல்லைக் கொல்கிறது. அந்த நொதி மனிதருக்கு இல்லை, ஆகவே பயமில்லை என்பார்கள். ஆனால் நம் குடலில் வாழும் பக்டீரியாக்கள் பலவற்றில் அது உண்டு. நம் நாட்டில் 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் விட்டார்கள், 2022இல் தடையையே எடுத்துவிட்டார்கள். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் குடல் பக்டீரியாக்கள் மாறியிருக்கின்றன. சாப்பாட்டில் ஒட்டியிருக்கும் அளவு மனிதரை எவ்வளவு பாதிக்கும் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அரிசியில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதாமே என்று கேட்டிருந்தாய். றைஸ் குக்கரை விட்டு, நல்ல தண்ணீர் நிறைய வைத்து அவித்துக் கஞ்சியை வடித்துவிடு. அதில் ஒரு நல்ல பங்கு போய்விடும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. சளிக்காய்ச்சல் வந்தவுடனே பார்மசியில் கேட்டு அன்டிபயோட்டிக் வாங்கிப் போடுகிறாய். சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது, அதற்கு அந்தக் குளிசை கேட்காது. குடலில் இருக்கும் நல்ல பக்டீரியாக்களைத்தான் அது கொல்லும். அவை பழையபடி வர மாதக்கணக்காகும், சில இனங்கள் திரும்பாமலே போவதும் உண்டு. வெறுமையாகக் கிடக்கும் வயலில் முதலில் முளைப்பது கோரைதானே மகள். குடலிலும் அந்த இடைவெளியில் கெட்ட பக்டீரியா பெருகிக் கடுமையான வயிற்றோட்டத்தைக் கொண்டுவரலாம். டொக்டர் பார்த்து எழுதித் தந்தால் மட்டும் போடு, அவர் சொன்ன நாள் வரைக்கும் போடு.

மிச்சம் இருக்கிற நல்ல பக்டீரியாக்களுக்குச் சாப்பாடு கொடு. நமக்குச் சமிக்காத நார்ச்சத்துத்தான் அவற்றின் உணவு. அதைப் புளிக்க வைத்து அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தில்தான் பெருங்குடலின் உட்சுவர் வாழ்கிறது. நார் கிடைக்காவிட்டால் குடலைக் காக்கும் சளிப்படலத்தையே அவை அரித்துத் தின்னத் தொடங்கும் என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். நீயோ காலையில் பணிஸ், இரவில் கொத்து என்று நாளை ஓட்டுகிறாய். குரக்கன் பிட்டு, கௌபி, பயறு, முருங்கையிலை, வல்லாரைச் சம்பல், ஒடியல் கூழ் எல்லாம் உனக்குச் செய்யத் தெரிந்தவைதான். ஒன்றையே தினமும் தின்னாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடு. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும், அதனால் மெல்ல மெல்லக் கூட்டு. எருமைத்தயிரும் நல்லதுதான், ஆனால் அதில் வரும் பக்டீரியா குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. அடிக்கடி சாப்பிட வேண்டும்.

மலத்தோடு இரத்தம் போனாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ, இரவில் வயிற்றுவலி எழுப்பினாலோ சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. அம்மா குரக்கன் மாவும் ஒடியல் மாவும் கட்டி வைத்திருக்கிறா. வெள்ளிக்கிழமை கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், போய் எடுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா