கன்வெர்ட் செய்த கோப்புகளில் டைம்கோட் காணாமல் போவது குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். ஆவணப்படங்களுக்கு எடிட்டிங் செய்பவன் நான். உங்கள் வீடியோ கன்வெர்ட்டரை முழு விலை கொடுத்து வாங்கியதற்கு ஒரே காரணம், 'மூல டைம்கோட் மாறாது' என்று நீங்கள் விளம்பரத்தில் போட்டிருந்ததுதான். டைம்கோட் என்பது ஒவ்வொரு பிரேமுக்கும் மணி:நிமிடம்:விநாடி:பிரேம் என்று கோப்பில் பதிவாகும் எண்.

இப்போது கையில் இருக்கும் படத்தை இரண்டு கேமராவிலும் தனி ஆடியோ ரெக்கார்டரிலும் எடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் ஒரே டைம்கோட், கடிகார நேரப்படி ஓடுகிறது. காலை பத்தேகாலுக்கு எடுத்த ஷாட் என்றால் 10:15:00:00-இல் தொடங்கும். கேமராவில் இருந்து வந்த எம்எக்ஸ்எஃப் கோப்புகளை உங்கள் மென்பொருளில் எடிட்டிங்குக்கு ஏற்ற புரோரெஸ் எம்ஓவியாக மாற்றினால், எல்லாமே 00:00:00:00-இல் தொடங்குகின்றன. எச்சரிக்கை எதுவும் இல்லை. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று ஒரு பச்சை டிக், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதற்கு உங்கள் சப்போர்ட் ஊழியர், "படமும் சத்தமும் சரியாகத்தானே இருக்கு?" என்று கேட்டார். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்குச் சரிதான். எனக்கு அது போதாது. டைம்கோடை வைத்துத்தான் கேமராவையும் ஆடியோவையும் சிங்க் செய்கிறேன். எடிட் முடிந்ததும், கலர் கிரேடிங் செய்பவருக்கு இடிஎல் என்ற எடிட் பட்டியல் போகும். எந்த கிளிப்பில் எந்த பிரேமில் இருந்து எந்த பிரேம் வரை என்பதை அது டைம்கோடில்தான் சொல்லும். எடிட்டுக்காக மாற்றிய பிராக்ஸி கோப்பெல்லாம் பூஜ்யத்தில் தொடங்கினால், அவர் மூலக் கோப்பில் அந்த இடத்தை எங்கே போய்த் தேடுவார்? நல்லவேளை, சிங்க் செய்யும்போதே இது தெரிந்துவிட்டது.

அப்புறம் வந்த பதில் இன்னும் மோசம்: 'எம்பி4-இல் டைம்கோட் நிற்காது.' நான் கேட்டது எம்ஓவி. அதில் டைம்கோடுக்கென்றே தனி டிராக் உண்டு. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்து பார்த்தேன்: மூலத்தில் டைம்கோட் இருக்கிறது, நீங்கள் தந்த கோப்பில் அந்த டிராக்கே இல்லை. காசு வாங்காத எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் அதே கோப்பை டைம்கோடோடு மாற்றித் தருகிறது!

இன்னொன்று. அமெரிக்காவில் விநாடிக்கு 29.97 பிரேமில் எடுத்த ஒரு பேட்டி, டிராப் பிரேம்; அதாவது கடிகாரத்தோடு ஒத்துப்போக டைம்கோடில் சில பிரேம் எண்களைத் தாண்டி எண்ணும் முறை. அதற்கு டைம்கோடைக் கையால் போட்டுப் பார்த்தேன், உங்கள் மென்பொருள் எந்த எண்ணையும் தாண்டாத நான்-டிராப்பாக எழுதிவிட்டது. தொடக்கம் சரியாகவே தெரியும். ஆனால் ஒரு மணி நேரம் ஓடியதும் 108 பிரேம், அதாவது 3.6 விநாடி பிசகும். முதல் பிரேமை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. அதனால்தான் முந்தையதைவிட இதற்கு அதிகம் பயப்படுகிறேன்.

இரண்டையும் திருத்திப் புதிய பதிப்பு தாருங்கள். அதுவரை, டைம்கோடை எழுத முடியாத கோப்புக்குப் பச்சை டிக் காட்டாமல் பிழை என்று காட்டட்டும். திருத்த உத்தேசம் இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, விளம்பரத்தில் அந்த வரியையும் எடுத்துவிடுங்கள். மூலக் கோப்பு ஒன்றையும் மாற்றிய கோப்பையும் இணைத்திருக்கிறேன். பதில் எழுதுமுன் டைம்கோட் தெரிந்த ஒருவரிடம் அவற்றைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்