பத்மினிக்குப் பார்த்த வைத்தியம்

தூத்துக்குடி
ஐப்பசி 6, 2025

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்திக்கு இனியா என்று பெயர் வைத்ததும் நல்லது, கூப்பிடச் சுலபம். இங்கே மல்லிகாவும் நானும் நலம். சின்னவன் தீபாவளிக்கு வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனான்.

கடிதத்தின் கடைசியில் நாலே வரியில் ஒரு விஷயம் எழுதியிருந்தாய். அம்பாசிடரில் பின்சக்கரத்துக்கு மேலே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது, தேய்த்து, பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசை வைத்து, ஸ்ப்ரே அடித்துத் தர ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார், பொங்கலுக்குள் முடித்துவிடட்டுமா என்று. இந்தக் கடிதமே அதற்காகத்தான் எழுதுகிறேன். அவசரப்படாதே. என் பிரீமியர் பத்மினி காருக்கு நடந்ததை முதலில் கேள்.

2023 டிசம்பர் வெள்ளம் உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறி, வண்டி இரண்டு நாள் கதவில் பாதி உயரத்துக்கு முங்கிக் கிடந்தது. வடிந்ததும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். என்ஜினைச் சரியாகப் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். பாடியிலும் அங்கங்கே துரு தெரிகிறது என்று சொல்லி, பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். புது வண்டி மாதிரி மினுமினுவென்று வந்தது. பத்து மாதம்கூடத் தாங்கவில்லை. கதவுக்கு அடியில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற பாக்ஸ் இருக்கிறதல்லவா, அதன் ஓரத்தில் கடுகு கடுகாகக் கொப்புளம். போன ஆடியில் அதெல்லாம் சேர்ந்து உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது.

விசாரித்து, வண்டித் தகர வேலை பார்க்கிற ஒரு டிங்கர் அண்ணாச்சியைப் பிடித்தேன். வயது எழுபதைத் தொடும். பாக்ஸ் நெடுகிலும் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் டங் என்று கேட்டது. கொப்புளத்துக்குப் பக்கத்தில் டொப் என்று செத்த சத்தம். அடுத்து ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்தார். தகரமாக இருந்தால் பிடித்து இழுக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு விழுந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து லேசாகத்தான் அழுத்தினார், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் செதில் செதிலாகத் துரு கொட்டியது. அப்புறம் பட்டிக் கட்டி ஒன்று. அதன் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள், ஈரம் காயாமல். ஜவுளிக்கடை விளம்பரத்தில் பாதி எழுத்து இன்னும் படிக்க முடிந்தது. "ஓட்டைய அடைக்கல, மூடி வச்சிருக்காங்க" என்றார் அண்ணாச்சி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்பா வாங்கிய 1986 மாடல் வண்டி அது. அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் நீயும் நானும் குற்றாலம் போனோம்.

சரி, ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சொல்கிறேன். நாம் துருவை வெளியிலிருந்து பார்க்கிறோம், அது வருவதோ உள்ளேயிருந்து. கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்தால் மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கும். இறங்கினது வெளியேற அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். அவை மண்ணடைத்துப் போனால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். எங்கள் ஊர்க் காற்றிலோ உப்பு, உப்பு கலந்த ஈரத்தில் துரு இன்னும் வேகமாகப் பரவும். இரும்பைவிடத் துரு கூடுதல் இடம் பிடிக்கும், அதனால்தான் பெயிண்டைத் தூக்குகிறது. ஆகவே வெளியே கொப்புளம் தெரிகிற நாளில் பல நேரம் உள்ளே தகரம் பெருமளவு இத்துப்போயிருக்கும். அதன்மேல் பட்டி வைத்தால் பட்டியும் ஈரத்தைக் குடித்து அங்கேயே வைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பழைய வண்டிகளுக்கு லாரி மாதிரி அடியில் பாரம் தாங்கும் தனி இரும்புச் சட்டம், அதாவது சேஸிஸ், கிடையாது. உன் அம்பாசிடருக்கும் அப்படித்தான். பாடியேதான் பாரம் தாங்குகிறது. கதவடி பாக்ஸ் அழகுக்கு இருப்பதல்ல, வீட்டுக்கு உத்திரம் மாதிரி. அதைப் பட்டியால் நிரப்புவது உத்திரத்தில் கரையான் தின்ற இடத்தைச் சுண்ணாம்பால் பூசுவதற்குச் சமம். இது அந்த ஒர்க்‌ஷாப்காரர்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அண்ணாச்சி வேலை செய்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சீட், மேட் எல்லாவற்றையும் கழற்றினார். பின்சீட்டுக்கு முன்னால் தரையில் மேட்டைத் தூக்கியபோது மல்லிகாவின் ஹேர்பின் ஒன்று ஒட்டிக்கிடந்தது. எடுத்த பிறகும் அதன் வடிவம் தகரத்தில் செம்மண் நிறத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றினார், பெட்ரோல் டேங்கை இறக்கித் தூரமாக வைத்தார். பாக்ஸை வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைப் பற்றவைத்தார். இல்லாவிட்டால் பாடி தொய்ந்து அப்புறம் கதவு சாத்தாதாம்.

துரு தெரிகிற இடத்தோடு வெட்டுவதை நிறுத்தவில்லை, சுற்றிலும் பளபளவென்று நல்ல தகரம் வரும்வரை போனார். பத்மினி உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேலாகிறது, கடையில் பாக்ஸ் கிடைக்காது. 20 கேஜ் கனமுள்ள தகர ஷீட் வாங்கி, அட்டையில் அளவு வெட்டி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தார். வெல்டிங்கை ஒரே இழுப்பாக இழுக்கவில்லை. இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, திரும்ப முதல் புள்ளிக்குப் பக்கத்தில் ஒன்று. நடுவில் ஈரத்துணியால் ஒற்றிச் சூடு தணித்தார். மெல்லிய தகரம், சூடு ஒரே இடத்தில் ஏறினால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

மேலாகத் துரு பிடித்த தரைப்பகுதியை வெட்டவில்லை. கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு, துருவைக் கறுப்பாக மாற்றுகிற ஒரு திரவத்தைப் பூசினார். செம்பழுப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாக மாறியது. உன் தாத்தாவின் சாயப்பட்டறை உடனே நினைவுக்கு வந்தது. பழைய இரும்பையும் வெல்லத்தையும் போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரில், கடுக்காய்ச் சாறு ஏறின நூலை முக்கியதும் கறுக்குமே, அதேதான். கடுக்காயில் இருக்கிற டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் இந்தத் திரவத்திலும் வேலை செய்கிறது. ஆனால் ஓட்டை விழுந்த இடத்துக்கு இது மருந்தாகாது.

வெறும் தகரத்தை இந்தக் கடல்காற்றில் ஒரு ராத்திரி விட்டாலே மஞ்சளாகத் துரு படியும். அதனால் தேய்த்த அன்றே தின்னரால் துடைத்து, துருவைத் தடுக்கிற எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தார். அதற்கு மேலேதான் பட்டி, அதுவும் மேடுபள்ளத்தைச் சமப்படுத்த உப்புத்தாளின் கனத்துக்கு. தகடு சேரும் ஓரங்களுக்குச் சந்தை அடைக்கிற சீலர் பசை, பாக்ஸின் உள்பக்கத்துக்கு நீளக் குழாய் விட்டு மெழுகு ஸ்ப்ரே. ஏழு வாரம், 46,000 ரூபாய். வீட்டில் வாக்குவாதம் வந்தது, மறைக்கவில்லை. மல்லிகா அந்த ஹேர்பின்னை மட்டும் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஆகவே உன் வண்டிக்கு: டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, சக்கர வளைவின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார். காந்தம் வைத்துப் பார். பிடித்தால், கொப்புளம் மேலாக இருந்தால், சின்ன வேலையோடு போய்விடும். வழுக்கினால் பெயிண்டருக்குப் பணம் கொடுக்காதே, எனக்கு எழுது. அண்ணாச்சியிடம் பேசி வைத்திருக்கிறேன், தை பிறந்ததும் நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீயே ஓட்டிக்கொண்டு வா, பத்து நாள் இங்கே தங்கு. மக்ரூன் வாங்கி வைக்கிறேன், சர்க்கரை அளவை வைத்து டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் முதலில் எழுதிவிடு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. குடையோடு போய் வண்டிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். நாலு கதவின் அடியிலும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியே விழுந்துகொண்டிருக்கிறது.

உன்,
முருகேசன்