ஏழு புளியங்கொட்டை

காசிமேடு,
ஞாயிறு ராத்திரி

பாப்பாவுக்கு,

மலைக்குப் போகிறேன், கூடாரத்தில் தங்கப் போகிறேன் என்று நேற்று நீ போனில் சொன்னதும் நான் ஒன்றும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நைனாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. போனில் பேசினால் பாதியை மறந்துவிடுவேன், மீதியைச் சத்தமாகச் சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போய்ட்டு வா. துறைமுகத்து கிரேனைத் தவிர உயரமாக எதையும் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை நீ. கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஜன்னலில் மலை தெரிகிறது என்று ஒரு போட்டோ அனுப்பினாயே, அது இன்னும் என் போனில் இருக்கிறது.

ஆனால் மார்ச் மாதம் வேண்டாம், கண்ணு. 2018 மார்ச் 11ஆம் தேதி உனக்கு ஞாபகம் இருக்கும். தேனிப் பக்கம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். நம்ம சென்னையிலிருந்து போன பெண் பிள்ளைகள் அதில் நிறைய. டீக்கடை டிவியில் அதைப் பார்த்துவிட்டு அன்று நாங்கள் யாரும் வலை பின்னவில்லை. காய்ந்த புல்லில் பிடித்த தீ காற்றோடு ஓடும். மேட்டைப் பார்த்து ஏறும்போது இன்னும் வேகம், ஏனென்றால் சூடு மேலே போய் முன்னால் இருக்கும் புல்லையும் காயவைத்துவிடும். மனுஷன் ஏறி ஜெயிக்க முடியாது. அந்த வருஷமே மலையேற்றத்துக்கென்று அரசாங்கம் தனி விதிகள் போட்டது. 2025இல் வனத்துறை மலையேற்றப் பாதைகளைப் பிப்ரவரி 15லிருந்து ஏப்ரல் 15 வரை மூடிவைத்தது. ஏப்ரல் 15 என்றால் நமக்குத் தடைக்காலம் ஆரம்பிக்கும் நாள், ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. காட்டுக் கதவு திறந்த அன்று கடல் கதவு மூடியது. வயிற்றுப்பாட்டுக்குக் கடலை நம்பியிருக்கிற நாங்களே மூடிய நாளில் போவதில்லை. நீ பொங்கல் லீவுக்கு மாற்றிக்கொள். குளிரும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஓடையோரம். உன் சிநேகிதி, ஒரு ஆள் இருக்கிறார், பர்மிஷன் எல்லாம் வேண்டாம், காட்டுக்குள் ஓடைப் பக்கமாகக் கூடாரம் போட்டுத் தருவார் என்று சொன்னதாகச் சொன்னாய். அந்தப் பேச்சே வேண்டாம். ஓடைக்கரையில் தூங்குகிறவனுக்கு மேலே எங்கே மழை பெய்கிறது என்று தெரியாது. தண்ணீர் வந்து சேரும்போதுதான் தெரியும். தண்ணீர் குடிக்க யானை வருகிற வழியும் அதுதான். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றுவிட்டது. யானை மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அது அதன் இடம். கூடாரத்தை அங்கே போட்டுத் தந்தவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

நம்ம பக்கத்து வீட்டுத் தம்பி பரம்பிக்குளம் போய் வந்தான். அங்கே ஆனைப்பாடியில் வனத்துறையே கூடாரம் வைத்திருக்கிறதாம், முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். காடு கேரளத்துடையது, வழி மட்டும் நம்முடையது. பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப், அதற்கப்புறம் பரம்பிக்குளம். உங்கள் ஊரிலிருந்து கிட்டத்தில்தான். காட்டிலேயே பிறந்து வளர்ந்த காடர், மலசர் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் நில் என்றால் நில். கடலில் படகை ஓட்டுகிற ஸ்ராங்கு சொல்வதைக் கேட்காதவனை நாங்கள் படகில் ஏற்றுவதில்லை.

டாப்ஸ்லிப் என்ற பேரே மலை உச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சறுக்கிவிட்டதால் வந்ததாம். அந்தத் தேக்கு பம்பாய்க்குப் போய்க் கப்பலாகியிருக்கிறது. வெட்டி வெட்டி மொட்டையான காட்டில் ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார அதிகாரி, கைத்தடியால் மண்ணைக் குத்தி அந்தக் குழியில் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடந்தாராம். அவர் சமாதி டாப்ஸ்லிப் பக்கத்திலேயே இருக்கிறது. முடிந்தால் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வா. மரப்படகில் பிழைத்த குடும்பம் நாம்.

குளிரைப் பற்றி ஒன்று. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். அம்மா எம்.சி. ரோட்டில் உனக்கு ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள். அது போதாது. படகில் நான் படித்துக்கொண்டது, குளிர் மேலேயிருந்து வருவதைவிடக் கீழேயிருந்துதான் அதிகம் வரும். பலகையில் வெறும் போர்வையோடு படுத்தால் முதுகு விறைத்துவிடும். கீழே ஒரு சாக்கு இருந்தால் மேலே ஒரு துணி போதும். போர்வைக்குச் செலவு பண்ணுகிற காசில் பாதியைப் பாய்க்குப் பண்ணு.

கருவாடு மட்டும் கொண்டுபோகாதே. ஆயா உனக்காக நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கிளறி, ஆறவைத்து, பாட்டிலில் போட்டு, எண்ணெய் மேலே நிற்கிற மாதிரி ஊற்றி மூடி வைத்திருக்கிறாள். எனக்கே சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அந்த வாசம் நம் தெருமுனை வரைக்கும் வருகிறது. கரடிக்கும் காட்டுப் பன்றிக்கும் மூக்கு நம்மைவிடப் பெரிசு. தொக்கை ரூமிலேயே சாப்பிட்டுத் தீர்த்துவிட்டுப் போ. வாழைப்பழத்தையும் கூடாரத்துக்குள் வைக்காதே.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம்.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஆடி மாசம், நான் ஆறு நாள் தாமதமாக வந்தது உனக்கு நினைவிருக்காது. படகில் நாங்கள் ஆறு பேர். ஐந்தாம் நாள் இன்ஜின் நின்றது. பேட்டரியும் போனதால் வாக்கிடாக்கி செத்துவிட்டது. நீரோட்டம் எங்களை வடக்கே ஆந்திராப் பக்கம் இழுத்துக்கொண்டே போனது. ஐஸ் கரைந்து, பிடித்த மீனெல்லாம் நாறி, அதைக் கடலிலேயே கொட்டினோம். அரிசி தீர்ந்த பிறகு ஐஸ் பெட்டியின் அடியில் நின்ற தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தோம்.

எங்களைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? உன் அம்மா. கிளம்பும்போது நான் அவளிடம் சொன்னது ஒரே வார்த்தை, ஏழு நாளைக்கு ஐஸும் அரிசியும் ஏற்றியிருக்கிறோம், எட்டாம் நாள் விடியலில் கரையில் இருப்பேன். அவள் ஜன்னல் விளிம்பில் ஏழு புளியங்கொட்டையை வரிசையாக வைத்தாள். தினம் விளக்கு வைக்கும்போது ஒன்றை எடுத்தாள். விளிம்பு காலியான மறுநாள் மத்தியானமே படகுக்காரர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். மீன் நிறையப் பட்டிருக்கும், அதான் லேட்டு என்று சொன்னார்களாம். ஐஸ் ஏழு நாளைக்குத்தான், மீன் பட்டால் இன்னும் சீக்கிரம்தானே திரும்பணும் என்று கேட்டாளாம். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அன்று சாயந்தரமே மூன்று படகு வடக்கே கிளம்பியது. அவள் இன்னும் நாலு நாள் பொறுத்திருந்தால் இந்தக் கடிதம் கிடையாது.

அதனால் நீ என்ன செய்கிறாய் என்றால், கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. யார் யார் போகிறீர்கள், எந்த வண்டி, அதன் நம்பர், எந்த கேட் வழியாக உள்ளே, எங்கே தங்கல், எந்த நாள் எத்தனை மணிக்கு வெளியே. அந்த மணிக்கு மேல் எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு நான் வனத்துறைக்கும் 112க்கும் போன் பண்ண வேண்டும் என்பதையும் நீயே எழுது. காட்டுக்குள் டவர் இல்லாத இடம் நிறைய இருக்கும், டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜ் இறங்கிவிடும், அதனால் ஏரோப்ளேன் மோடில் போட்டு வை. நடுவில் போன் வரவில்லையே என்று நான் தவிக்க மாட்டேன். சொன்ன நேரம் ஒன்றுதான் எனக்கு வேண்டும். பாதியில் மழையோ காய்ச்சலோ வந்து திரும்பினால் வெட்கப்படாதே. நான் வெறும் வலையோடு எத்தனை தடவை திரும்பியிருக்கிறேன் என்று அம்மாவைக் கேள்.

இதோடு இருபது மீட்டர் நைலான் கயிறு பார்சலில் வைத்திருக்கிறேன். புதுசு இல்லை, என் படகுக் கயிறு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சுற்றினேன். முடிச்சு போடுவது மறந்திருந்தால் வீடியோ காலில் வா, காட்டுகிறேன்.

நீ தேதியே இன்னும் மாற்றவில்லை. அதற்குள் அம்மா ஜன்னல் விளிம்பைத் துடைத்து மூன்று புளியங்கொட்டை எடுத்து வைத்துவிட்டாள்.

உன் நைனா