மகார் வாய் திறந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரஷ்ய எழுத்தாளர்களும் சைபீரியாவும் பற்றிய உங்கள் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். நன்றாகவே இருந்தது, ஆனால் கொரலேன்கோவின் பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லையே என்று மனசு கேட்கவில்லை. மாஸ்கோ பதிப்பாக வந்த ‘கண் தெரியாத இசைஞன்’ நாவலோடு நாம் அவரை நிறுத்திவிட்டோம்.

1881-இல் புதிய ஜார் மூன்றாம் அலெக்சாந்தருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததற்காக அவரைக் கிழக்குச் சைபீரியாவின் யாகூத்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். யாகூத்ஸ்க் நகரத்தையும் தாண்டி அம்கா என்ற கிராமம், குளிர் மைனஸ் 50-க்கும் கீழே போகிற இடம். மூன்று வருஷம் அங்கே நிலத்தை உழுதார், பூட்ஸ் தைத்தார், ஒரு ஏழை விவசாயியின் வீட்டில் குடியிருந்தார். அந்த விவசாயிதான் ‘மகாரின் கனவு’ கதையில் மகார் ஆனார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, குடித்துவிட்டுத் தன் கண்ணிகளைப் பார்க்கக் காட்டுக்குப் போகிற மகார் வழிதவறி உறைந்து சாகிறான். மேலே பெரிய தோயோன் (யாகூத் மொழியில் தலைவர், இங்கே கடவுள்) முன்னால் தராசு வைத்து அவன் பாவங்களை நிறுக்கிறார்கள், பாவங்களை வைத்த மரத்தட்டு கீழே இறங்குகிறது, குதிரையாய்ப் போ என்று தீர்ப்பும் ஆகிவிடுகிறது. அப்போது, வாழ்நாளில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியறியாத அந்த மனிதன் பேச ஆரம்பிக்கிறான் பாருங்கள்! வரி கேட்டு விரட்டியவர்கள், காணிக்கை கேட்ட பாதிரிமார், பசி, குளிர், பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டுபோன மகன், எல்லாம் கொட்டுகிறது. கிழவர் தோயோனே அழுதுவிடுகிறார், மரத்தட்டு மேலே எழும்புகிறது. அந்தப் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இதில் என்னை மிகவும் தொட்டது இன்னொன்று. இந்தக் கதையில் நாடுகடத்தப்பட்டவர்களும் வருகிறார்கள், ஆனால் விறகுக்கு முன்பணமாக மகாருக்கு ஒரு ரூபிள் கொடுக்கும் வெளியூர்க்காரர்களாக மட்டும், ஓரத்தில். தன் துயரத்தை நடுவில் வைத்து எழுத எல்லா உரிமையும் இருந்தவர், தனக்குக் கூரை கொடுத்தவனை நடுவில் உட்காரவைத்தார். உங்கள் கட்டுரை சொன்ன மற்ற எழுத்தாளர்களிடம் நான் இதை அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம், கைதிகளை அனுப்பிவைத்த சகாலின் தீவிலிருந்து தப்பியவனைப் பற்றி கொரலேன்கோ எழுதிய ‘சகாலின்காரன்’ கதையும் உண்டு. அதைப் பாராட்டி 1888-இல் செகாவ் அவருக்கே கடிதம் எழுதினார். இந்த இரண்டு கதைகளைப் பற்றியாவது ஒரு தனிக் கட்டுரை போடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்