அசல் சான்றிதழ்களை மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
வேலையிழந்த பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: சுயநிதிக் கல்லூரிகள் பிடித்து வைத்துள்ள ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைத் திரும்பப் பெற்றுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஏற்கெனவே அளித்து, பதில் வராத மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான்குவழிச் சாலையின் இருபுறமும் உள்ள கல்லூரிகளைத் தாங்கள் நன்கறிவீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. நாங்கள் எம்.இ., பிஎச்.டி. முடித்து, பத்துப் பதினைந்து வருஷம் பாடம் நடத்திய, நாற்பதைத் தாண்டியவர்கள். 2018-19இல் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஆசிரியர்–மாணவர் விகிதத்தை 1:15இலிருந்து 1:20 ஆக்கியது. 60 இடங்கள் கொண்ட பிரிவில் நான்கு வருஷத்துக்கும் சேர்த்து 240 மாணவர்கள். 16 ஆசிரியர்கள் இருந்த இடத்தில் 12 பேர் போதும் என்றானது. மெக்கானிக்கல், சிவிலில் சேர்க்கை சரிந்ததும் அந்தப் பன்னிரண்டும் நிலைக்கவில்லை. ஆட்குறைப்பு என்று வந்தால், கூடுதல் சம்பளம் வாங்கும் பிஎச்.டி.காரர் பெயர்தான் முதலில் அடிபடுகிறது.

2. அரசின் வேலையில்லா உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. அதைக் கேட்டு இந்த மனு எழுதவில்லை.

3. எங்களை முடக்கிப் போட்டிருப்பது சான்றிதழ்தான் ஐயா. வேலையில் சேரும் அன்றே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, இளநிலை, முதுநிலை அசல் அனைத்தையும் வாங்கிப் பீரோவில் பூட்டுகிறார்கள். ரசீது கேட்டால் வெள்ளைத்தாளில் கையெழுத்தில்லாமல் ஒரு பட்டியல் கிடைக்கும், பலருக்கு அதுவும் இல்லை. விலகினால் மூன்று மாத நோட்டீஸ், இல்லையேல் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டும். செமஸ்டர் நடுவில் விடுவிக்க மாட்டார்கள். அவர்களே வெளியே அனுப்பியவருக்கும் "நிர்வாகி ஊரில் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்பதே பதில். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சரிபார்ப்புக்கு அசலைக் காட்ட வேண்டும். வேறு கல்லூரியில் நேர்காணல் என்றாலும் முதல் கேள்வி "ஒரிஜினல் எங்கே?" என்பதுதான்.

4. நகல் சான்றிதழ் வாங்கலாமே என்கிறார்கள். அதற்குச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்று போலீசில் சான்று பெற வேண்டும். தொலையவில்லையே ஐயா! எந்தக் கல்லூரியில், எந்த அறையில், எந்தப் பீரோவில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். பொய் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களா? தொழிலாளி வேலையை விட்ட தேதியை முதலாளி பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே பதிந்துகொள்ள பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இணையதளத்தில் வழி உண்டு. வாழ்நாள் படிப்புக்கு மட்டும் அப்படி ஒரு வழி ஏன் இல்லை? ஊழியரின் அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ சொல்லியும், கல்லூரி வாசல்வரை போய்க் கேட்க இங்கே யாரும் இல்லை. மூன்று மனுவுக்கும் ஒரு வரிப் பதில் இல்லை. இன்னும் எத்தனை மனு கொடுக்க வேண்டும்?

5. கோட்டாட்சியரை அனுப்பி, ஒவ்வொரு கல்லூரியிலும் யார் யாருடைய அசல் உள்ளது என்று பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே நாளில் முகாம் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கச் செய்யுங்கள். மூடிய கல்லூரிகளில் பீரோச் சாவி யாரிடம் என்பதையும் விசாரியுங்கள்.

6. சான்றிதழை வாங்கித் தாருங்கள் ஐயா. நோட்டீஸ் சம்பளப் பாக்கி இருந்தால் அதைத் தனியாகப் பேசிக்கொள்கிறோம்.

பெயர், சேர்ந்த தேதி, கொடுத்த சான்றிதழ்களின் விவரம் தனித்தாளில் இணைத்துள்ளோம். வரும் திங்கள்கிழமை குறைதீர் நாளில் நேரில் வருகிறோம். தயவுசெய்து அன்றாவது ஒரு பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேலையிழந்த ஆசிரியர்கள்